மலையில்லாத ஊரில் கீறிய மலை

இந்த வானொலித் தொடருக்குச் சிறுவர் நூல்களைப் பற்றி ஓர் உரை தரவேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். சிறுவருக்காக எழுதுகிறவர்களும் படம் கீறுகிறவர்களும் இருக்க, என்னிடம் ஏன் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். வன்னியிலே 30 வருடத்துக்கு மேலாகக் கீழ்வகுப்புகளில் வெண்கட்டியோடு நின்றவன் நான். அந்தக் காலத்தில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றுக்குள் போக எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்றிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, இயற்கைக் காட்சி ஒன்று கீறு என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை கீறும். நடுவிலே பாதிச் சூரியன். மலையடியிலிருந்து நெளிந்து வருகிற ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்திலே நாலு பறவை. பரந்தனிலிருந்து மாங்குளம் வரையும், அங்கிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரையும் போய்ப் பாருங்கள், மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் உயரமானது குளக்கட்டுத்தான். சூரியன் பாலை மரத்துக்கு மேலாலே வரும், அல்லது குளத்துக்கு அந்தப் பக்கத்தாலே வரும். மலைக்கு நடுவாலே வருவதை எங்கள் பிள்ளைகள் கண்டதே இல்லை.

அந்த இரண்டு மலையையும் கரும்பலகையில் கீறிக் காட்டியவன் நான். என் ஆசிரியர் எனக்குக் காட்டினார், நான் என் பிள்ளைகளுக்குக் காட்டினேன். 1980களின் தொடக்கத்தில் ஒரு நாள், வயற்காவலுக்குத் தகப்பனோடு பரணில் படுத்தெழும்பி வருகிற ஒரு பையன், தாளின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நீளமாக ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலே கறுப்பாக ஒரு வளைவு மட்டும் போட்டுக் கொண்டுவந்தான். "என்னடா தம்பி இது?" என்றேன். "குளக்கட்டு, சேர். அங்காலே யானை நிக்குது. முதுகு மட்டும்தான் தெரியும்" என்றான். "காட்சி எண்டால் இப்பிடியோ?" என்று கேட்டு, திரும்பக் கீறச் சொன்னேன். அவன் அழிறப்பரால் யானையை அழித்துவிட்டு இரண்டு மலை கீறினான். அதற்கு நான் நல்ல புள்ளியும் போட்டேன்.

அந்த மலைகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எனக்குப் பிந்தித்தான் வந்தது. அதைத் தேடப்போனால் எங்கள் சிறுவர் புத்தகத்தின் கதை முழுவதும் வந்துவிடுகிறது.

1658 ஆம் ஆண்டில் நூரம்பேர்க் நகரிலே கொமேனியஸ் என்ற செக் நாட்டு அறிஞர் பிள்ளைகளுக்கென்று ஒரு புத்தகம் அச்சிட்டார். ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே ஒரு படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண். அந்த எண்ணுக்கு நேரே சொல். பொருளைக் காணாமல் சொல்லை மட்டும் படிப்பது கிளிப்பிள்ளைப் படிப்பு என்பது அவருடைய எண்ணம். மேல்நாட்டார் படத்தோடு கூடிய பாலர் புத்தகத்தின் வரலாற்றை அதிலிருந்து தொடங்குவார்கள்.

நாங்கள் தொடங்குவது ஆறுமுக நாவலரிடமிருந்து. வண்ணார்பண்ணையிலே 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர், சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து, 1850 இல் முதலாம் பாலபாடத்தையும் அடுத்த வருடம் இரண்டாம் பாலபாடத்தையும் வெளியிட்டார். மிஷனரிமாருடைய அச்சகம் மானிப்பாயில் 1834 முதல் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் படிமுறையாகத் தமிழ் வசனம் கொடுக்கவேண்டும் என்று நாவலர் நினைத்தது பெரிய காரியம். பாலபாடத்தின் பலம் முழுவதும் வசனத்திலேதான். அந்தக் காலத்தில் படம் வேண்டுமென்றால் மரக்கட்டையிலே செதுக்குவிக்க வேண்டும், அதற்கு ஆளும் வேண்டும், காசும் வேண்டும். வசனத்துக்கு நாவலர் ஒருவரே போதும். ஆகவே எங்களிடத்துப் பிள்ளைப் புத்தகம் சொல்லோடு பிறந்தது, படம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. அந்தப் பிறகு வர நெடுங்காலம் எடுத்தது.

அடுத்த பெரிய வருடம் 1935. வித்தியாதரிசியாக இருந்த க. ச. அருள்நந்தி அவர்களின் முயற்சியால் பிள்ளைகளுக்கான பாட்டுகள் போட்டி வைத்துச் சேர்க்கப்பட்டு, 'பிள்ளைப் பாட்டு' என்ற நூல் வந்தது. இந்த இயக்கத்திலே முன்னுக்கு நின்றவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும், கத்தரித் தோட்டத்திலே நிற்கிற வெருளியும் அவர் பாட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்தன. இரணைமடுக் குளம் 1920 இல் கட்டி முடிந்து, 1930கள் தொடக்கம் கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றங்கள் வந்தபோது, காணி வெட்ட வந்தவர்கள் மண்வெட்டியோடு இந்தப் பாட்டுகளையும் கொண்டு வந்தார்கள். வெருளிப் பாட்டை வன்னிப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. வகுப்பு யன்னலால் பார்த்தால் வயலுக்குள்ளே வெருளி நிற்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். எங்கள் சிறுவர் எழுத்தாளர்களிலே முக்கியமானவர்கள் அநேகமாக எல்லாரும் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தவர்கள். சோமசுந்தரப் புலவர் வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியில் நெடுங்காலம் படிப்பித்தவர். 'குழந்தை மொழி' தந்த வேந்தனார் பரமேஸ்வராக் கல்லூரி ஆசிரியர். அம்பி கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தவர். பா. சத்தியசீலனும் ஆசிரியரே. அவர்கள் வகுப்பிலே பிள்ளையை எழுப்பிவைத்து, கை அசைத்துப் பாடவைக்க எழுதினார்கள். வாயாலே பாடுகிற பாட்டுக்குப் படம் எதற்கு? பாட்டு வாயிலிருந்து வாய்க்குப் போகும், புத்தகம் இல்லாமலே போகும். அது அந்தப் பாட்டுகளின் பெருமை. படம் கீறுகிறவனை யாரும் தேடாமல் போனதற்கும் அதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1950 ஆம் ஆண்டில் சென்னையிலே அழ. வள்ளியப்பாவும் நண்பர்களும் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைத்தார்கள். அதே வருடம் குரும்பசிட்டியிலிருந்து மு. க. சுப்பிரமணியம் 'வெற்றிமணி' என்ற சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கினார். பிற்காலத்தில் பெயர் எடுத்த எத்தனையோ பேருக்கு முதல் எழுத்து அச்சில் வந்தது இப்படியான சிறு சஞ்சிகைகளிலேதான். ஆனால் படம்? அந்தக் காலத்து அச்சகத்திலே படம் என்றால் புளொக். மையாலே கீறிய படத்தைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டிலே பதித்து, அமிலத்தால் அரித்து, கோடு மட்டும் மேலே நிற்கத்தக்கதாகச் செய்து, மரக்கட்டையில் அடித்து எடுப்பார்கள். ஒரு புளொக்கின் செலவில் எத்தனையோ பக்கம் எழுத்துக் கோக்கலாம். அதனாலே இருக்கிற புளொக்கைத் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். நான் இளைஞனாக இருந்தபோது ஓர் அச்சகத்திலே கலியாண அழைப்பிதழில் கண்ட மயிலை, அதே மாதம் ஒரு பாலர் பாட்டுப் புத்தகத்திலும் கண்டேன். மயில் நல்ல மயில்தான், பாட்டு மட்டும் கோழியைப் பற்றியது! கீறியவர் யார் என்று கேட்டேன். அச்சுக் கோப்பவருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

படம் வேண்டிய பிள்ளை அம்புலிமாமாவுக்குப் போனது. 1947 இல் நாகி ரெட்டியாரும் சக்கரபாணியும் தொடங்கிய அந்தச் சஞ்சிகையிலே, 1950களின் தொடக்கத்தில் சேர்ந்த சங்கர் என்ற ஓவியர், தோளிலே பிணத்தைச் சுமந்து கையில் வாளோடு நடக்கிற விக்கிரமாதித்தனைக் கீறினார். 2020 இல் அவர் மறையும் வரைக்கும் அந்த ஒரு படத்தால் அவரை அறியாதவர் குறைவு. 1970களிலே இந்தியச் சஞ்சிகைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த வெளிக்குள்ளே சோவியத் நாட்டுப் புத்தகங்கள் வந்து நின்றன. வழவழத்த தாள், பக்கம் நிறைந்த வர்ணம், விலையோ கச்சான் விலை. ஒருவருடைய மனமும் நோகாமல் ஒன்று சொல்லலாம் என்றால், எங்கள் பிள்ளைகள் முறிகண்டியைக் காணமுதல் மொஸ்கோவின் பனியைக் கண்டார்கள். நானும் அந்தப் புத்தகங்களை ஆசையோடு வகுப்பில் வாசித்தவன், இன்றைக்கும் அவற்றிலே எனக்குக் குறை இல்லை. பிறநாட்டுப் பனியைப் பார்க்கிற பிள்ளை தன் குளக்கட்டையும் ஒரு புத்தகத்திலே பார்த்திருந்தால், பையன் கொண்டுவந்த யானையை நானும் அழிக்கச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கும் அது காட்சியாகத் தெரிந்திருக்கும்.

இது எங்கள் நாட்டிலே நடக்காத காரியமல்ல. சிபில் வெத்தசிங்க என்ற அம்மையார், 2020 இல் காலமானவர், 1956 இலே 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன் என்ற கதையை எழுதிப் படமும் தானே கீறினார். குடையையே காணாத ஒரு கிராமம். ஒருவர் பட்டினத்துக்குப் போய்க் குடை வாங்கி வருகிறார். கோப்பிக் கடைக்குள்ளே போய் வருவதற்கிடையில் அது களவு போகிறது. அடுத்த குடைக்கும் அதே கதி. கடைசியிலே குடைக்குள்ளே கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை விழுந்த வழியே தேடிப் போனால் கள்ளன் ஒரு குரங்கு! அந்தப் படங்களிலே மரம் அவர் பிறந்து வளர்ந்த தென்னிலங்கை மரம், மனிதர் அந்த ஊர் மனிதர். அந்தக் கிராமத்தை யப்பான் பிள்ளைகளும் ரசித்தார்கள், அது தமிழிலும் வந்தது. எழுத்தும் படமும் ஒரே கையிலே, ஒரே மண்ணிலே நின்றபடியால் வந்த பலன் இது.

எங்களுக்கு மண்ணும் இருந்தது, கதையும் இருந்தது. வன்னியிலே குருவிப் பள்ளு என்றும் பண்டிப் பள்ளு என்றும் பாடுவார்கள், குருவிக்கும் காட்டுப் பன்றிக்கும் பாட்டிலே இடம் கொடுத்த நாடு இது. எல்லாவற்றுக்கும் மேலாக வற்றாப்பளைக் கதை. தெரிந்த கதைதான், என்றாலும் ஒருமுறை படப்புத்தகம் என்ற கண்ணோடு பாருங்கள். மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து, ஊர் ஊராகத் தங்கி, பத்தாவது இடமாக நந்திக்கடல் ஓரத்துக்கு வருகிறாள். வந்தவள் ஒரு கிழவி. அவளைக் காண்பவர்கள் அரசரும் அல்லர், அந்தணரும் அல்லர், மாடு மேய்க்கிற பொடியள். பசிக்கிறது என்கிறாள், புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபடுகிறது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் நீரை அள்ளி ஊற்றி ஏற்றச் சொல்கிறாள், விளக்கு எரிகிறது. தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்கிறாள். தலைமயிரைப் பிரித்துப் பார்த்தால் தலை முழுவதும் கண்கள்! கிழவியைக் காணவில்லை. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலிலே தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலே உப்புநீரில் விளக்கு எரித்துத்தான் வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறார்கள். பிள்ளைகளே கதாநாயகராக, பசி, விளக்கு, பயம் மூன்றும் ஒரு பொழுதுக்குள்ளே வருகிற கதை இது. நான் படிப்பித்த காலத்திலே இந்தக் கதை வர்ணப் படத்தோடு ஒரு பிள்ளைப் புத்தகமாக என் கைக்கு வந்ததில்லை.

அதை நாங்களே செய்தோம், 1997 இலே. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் வன்னிக்குச் சனம் வந்து நிறைந்திருந்த நேரம். கிளிநொச்சிப் பட்டினமும் 1996 இல் இடம்பெயர்ந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடம் ஒரு புளியமரமும் இரண்டு கிடுகுக் கொட்டிலும். பொருளாதாரத் தடையாலே தாள் இல்லை, மண்ணெண்ணெய் பவுண் விலை. பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளிலே அச்சாகி வந்த காலம். இரவிலே ஜாம் போத்தலுக்குள்ளே சொட்டு மண்ணெண்ணெய் விட்டு விளக்கு. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்போம், இப்படியான இலக்கிய உரைகளையும் அப்படித்தான் கேட்டேன். வகுப்பிலே 41 பிள்ளைகள், வாசிப்புப் புத்தகம் ஆறு.

பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம் எங்களுக்குத் தாள். மஞ்சளும் பசளிப்பழமும் காவிக்கல்லும் அடுப்புக்கரியும் வர்ணம். பசளிப்பழத்து ஊதா இரண்டு நாளில் மங்கிவிடும், மஞ்சள் மட்டும் போகாது. ஒட்டுவதற்கு விளாம்பிசின். மட்டைக்குச் சங்கக்கடையில் வந்த நிவாரணப் பெட்டி. கதையைப் பிள்ளைகள் தாங்களே சொன்னார்கள், நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன்.

சண்டை வந்தது கண்களிலேதான். ஆயிரம் கண்ணை எப்படிக் கீறுவது? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பையன், "ஆயிரமெண்டால் ஆயிரம்தான் சேர், குறைச்சுக் கீறக்கூடாது" என்று நின்றான். முள்ளியவளைப் பிள்ளை ஒன்று வேறொரு படம் கொண்டுவந்தது. அதிலே கிழவியின் தலை தெரியவில்லை. பேன் பார்க்கிற பொடியனின் முகம் மட்டும், வாயும் கண்ணும் திறந்தபடி. "அவன்ரை முகத்தைப் பார்த்தால் விளங்குந்தானே, சேர்" என்றாள். எனக்கு இரண்டையும் விட மனம் இல்லை.

தீர்ப்பைச் சொன்னது றோணியோ. ஒரு அலுவலகத்தில் எங்களுக்காக 30 பிரதி அடித்துத்தர ஒப்புக்கொண்டார்கள். ஸ்ரென்சில் தாள் மெழுகு பூசிய மெல்லிய தாள். மையில்லாத முனையாலே கீறினால் மெழுகு போய், அந்த வழியாலே மை இறங்கும். மெல்லிய கோடு நன்றாக வரும். சிறிய வட்டம் போட்டால் நடுத்துண்டு விழுந்து ஓட்டையாகிவிடும், மை இறங்கித் திட்டாகும். ஆயிரம் கண் கீறியிருந்தால் ஆயிரம் ஓட்டை! ஆகவே றோணியோப் பிரதிகளிலே முள்ளியவளைப் பிள்ளையின் படம். கையாலே வர்ணம் தீட்டிய மூலப்பிரதி ஒன்றிலே மட்டும் பையனின் ஆயிரம் கண். மூன்று நாள் எண்ணி எண்ணிக் கீறினான். மட்டையிலே எழுதியவர், படம் கீறியவர் என்று இருவகையாகவும் பெயர் போட்டோம். வன்னியிலே நான் கண்ட முதலாவது அப்படியான மட்டை அதுதான். அந்தப் புத்தகத்திலே ஒரு மலைகூட இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

யாழ்ப்பாண நூலகத்தில் 1981 இல் எரிந்தவை 97,000 அளவான நூல்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எண்ணிலே வராத புத்தகங்களும் போனதுண்டு. 2008 இன் இறுதியில் கிழக்கு நோக்கி இடம்பெயர்கையில், மூலப்பிரதியைப் பொலித்தீனில் சுற்றி, வீட்டு வளவில் கிடங்கு வெட்டி வைத்தேன். மெனிக் பாமிலிருந்து 2010 இல் திரும்பி வந்து தோண்டினேன். கறையான் வரவில்லை, தண்ணீர் போயிருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு செங்கல் போல இருந்தது. விளிம்பிலே மஞ்சள் மட்டும் தெரிந்தது. ஒரு பக்கத்தைப் பிரிக்கப் பார்த்தேன், கையோடு உதிர்ந்தது. அத்தோடு விட்டுவிட்டேன். றோணியோப் பிரதி ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் பழைய ஏடுகளைத் தேடி மின்வடிவாக்குகிறார்கள். யாரிடமாவது அந்தப் பிரதி இருந்தால் அவர்களிடம் கொடுக்கும்படி கேட்பதற்கும் இந்த உரையைப் பயன்படுத்துகிறேன்.

போருக்குப் பிறகு புத்தகங்கள் வந்தன, நல்ல வர்ணத்திலே வந்தன. ரூம் ரு ரீட் போன்ற நிறுவனங்கள் இங்குள்ள எழுத்தாளரையும் ஓவியரையும் வைத்துத் தமிழிலே பாலர் நூல் வெளியிட்டார்கள். அதற்கிடையில் 2011 இல் என் கடைசி வகுப்பிலே பிள்ளைகளைக் காட்சி கீறச் சொன்னேன். இரண்டு மலை, நடுவிலே சூரியன்! "இதை எங்கே பிள்ளை கண்டனீ?" என்று கேட்டேன். "முகாமிலை தந்த கொப்பியின்ரை மட்டையிலை, சேர்" என்றாள் ஒரு சிறுமி. புள்ளி போடாமல் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த நாள் வகுப்பு முழுவதையும் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யானை வரவில்லை, எருமைதான் நின்றது. எருமையைக் கீறினார்கள்.

இப்போது சித்திரம் படித்த ஓர் இளம்பெண் வற்றாப்பளைக் கதைக்குப் படம் கீறுகிறாள். எழுத்தைப் பார்த்துத் தரும்படி என்னிடம் தந்திருக்கிறார்கள். முதல் படத்திலே புக்கைப் பானை எரிவாயு அடுப்பில் வைத்ததுபோல ஆடாமல் அசையாமல் நிற்கிறது. மாடு மேய்க்கிற பொடியள் மூன்று கல்லைத் தேடி வைத்தல்லவா பொங்கியிருப்பார்கள், ஒரு பக்கம் சரிந்திருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். திருத்தித் தருவதாகச் சொன்னாள். ஆயிரம் கண்ணுக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு, யோசிக்கிறேன் ஐயா என்றாள். நான் பழைய கதை எதையும் சொல்லவில்லை. மட்டையிலே அவள் பெயரைப் போடவேண்டும் என்று மட்டும் வெளியிடுகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.